கோத்தர் இசையும் படகர், தோடர் சடங்குகளும்

கேள்வி (குன்னூர்): நீலகிரி மலைவாழ் மக்களான படகர், தோடர் ஆகியோரின் இறப்புச் சடங்குகளுக்கு முற்காலத்தில் அங்குள்ள கோத்தர் பழங்குடியினரே வாசித்தார்கள் என்று பெரியவர்கள் கூறுவர். எக்கருவிகளை வாசித்தார்கள், அவ்வழக்கம் ஏன் குறைந்தது என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (கோத்தகிரி): நாகசுரம்போல் சீவாளி (ஊதும் நாக்கு) பொருத்திய ‘கொள்’ என்னும் குழலே முதன்மையானது, மூச்சு அறாமல் ஊதப்படும் அதற்கு முரசுகளும் வட்டப் பறையும் தாளமிட, பித்தளைக் கொம்புகள் முழங்கும். சாவு மெட்டு வேறு, தெய்வ மெட்டு வேறு. கோத்தர் கொல்லர், குயவர் தொழில்களோடு இசையையும் அளித்துத் தானியம் பெற்ற பண்டமாற்று உறவிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் படகர் பலர் விலகியதே முக்கியக் காரணம். தம் தெய்வமான கம்பட்டராயரின் திருவிழாவில் கோத்தர் தமக்காக இன்றும் வாசிக்கின்றனர்.

பதில் (உதகை): தோடரின் வாய்ப்பாட்டு தனி மரபு என்பதையும் சேர்க்கலாம். இணை இணையாகச் சொற்றொடர்கள் அமையும் அப்பாடல்களை மொழியியலாளர் எமனோ 1930களில் சேகரித்தார். தொகுப்பு 1971இல்தான் வெளிவந்தது.