மறு: தேர்தலுக்கு முன் துணை அதிபரை மாற்றுவது – ‘நீக்கம்’ வேண்டாம், ‘இணைமாற்றம்’?

> அமெரிக்கத் தேர்தல் வரலாறு பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பதவியில் இருக்கும் துணை அதிபரை விட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு அதிபர் நிற்பார் என்று அடிக்கடி ஓர் ஊகம் கிளம்புகிறது. ‘துணை அதிபர் நீக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

> ‘கழற்றிவிடல்’ இருக்கும்போது எதற்கு இவ்வளவு யோசனை?

வணக்கம் நண்பர்களே.

‘நீக்கம்’ கண்டிப்பாக வேண்டாம். அமெரிக்க அதிபர் தன் அமைச்சர்களை எந்த நிமிடமும் வீட்டுக்கு அனுப்பலாம். துணை அதிபரை அனுப்ப முடியாது. அவராக விலகினால்தான் உண்டு; இல்லையென்றால் பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். அதிபர் கையில் இருப்பதெல்லாம் அடுத்த முறை அவரைச் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது மட்டும்தான். அப்படி விடப்பட்டவர் ஜனவரி 20 வரை துணை அதிபராகவே இருப்பார், செனட்டில் வாக்கு சமமானால் தன் வாக்கைப் போடுவார். அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் துணை அதிபர் நெல்சன் ராக்ஃபெல்லர் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று 1975 நவம்பரில் அறிவித்தார்; பதவியை விட்டு இறங்கியது 1977 ஜனவரியில். ‘நீக்கம்’ என்று படிக்கிறவர், மறுநாளே நாற்காலி காலி என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையான நீக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு கென்யா இருக்கிறது. 2024 அக்டோபரில் துணை அதிபர் ரிகாத்தி கச்சாகுவா மீது குற்றம் சாட்டி, செனட் வரை போய் வெளியேற்றினார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் கித்துரே கிண்டிகி அங்கே வந்து உட்கார்ந்தார். அதற்குப் ‘பதவிநீக்கம்’ என்ற பழகிய சொல்லே போதும்.

‘மாற்று வேட்பாளர்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. மனுத்தாக்கல் நாளில் கட்சி வேட்பாளரோடு அவர் மனைவியோ ஒன்றியச் செயலாளரோ வந்து இன்னொரு மனுவைக் கொடுத்துவிட்டுப் போவார். பரிசீலனையில் முதல் மனு தள்ளுபடியானால் இவர் களத்தில் நிற்பார். தேர்தல் செய்தி படிக்கிற எல்லாருக்கும் மாற்று வேட்பாளர் அவர்தான். அதைத் தொட வேண்டாம்.

சரி, ‘டிக்கெட்’டுக்கு வருவோம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. நாம் ‘டிக்கெட் கிடைக்கவில்லை’ என்றால் ஓர் ஆளுக்குத் தொகுதி கிடைக்கவில்லை என்று பொருள். அங்கே டிக்கெட் என்பது இரண்டு பெயர் சேர்ந்த ஒன்று. வாக்காளர் ஒருவரை எடுத்து இன்னொருவரை விட முடியாது. தொடக்கத்தில் அப்படி இல்லை. முதலில் வந்தவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். அதனால் 1796இல் ஜான் ஆடம்ஸ் வென்றபோது, அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சனே அவருக்குத் துணையாக வாய்த்தார். 1800இல் ஜெஃபர்சனும் அவருடைய அணியைச் சேர்ந்த ஆரன் பர்ரும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களிடம் ஆளுக்கு 73 வாக்கு வாங்கி முட்டிக்கொண்டார்கள். பிரதிநிதிகள் அவை 36 சுற்று வாக்கெடுத்துத்தான் முடிச்சை அவிழ்த்தது. இந்தக் கூத்துக்குப் பிறகு 1804இல் வந்த 12ஆவது திருத்தம், இரண்டு பதவிக்கும் தேர்வாளர்கள் தனித்தனியாக வாக்களிக்க வழி செய்தது. அதே ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சன் பர்ரை விட்டுவிட்டு ஜார்ஜ் கிளின்டனைச் சேர்த்துக்கொண்டார். ஆக, இணை பிறந்த ஆண்டே இணைமாற்றமும் நடந்துவிட்டது.

நான் முன்வைக்கிற சொல் அதுதான். ‘டிக்கெட்’டுக்கு ‘தேர்தல் இணை’. அதிபரோடு சேர்ந்து துணை அதிபர் பதவிக்கு நிற்கிற ‘ரன்னிங் மேட்’டுக்கு ‘இணை வேட்பாளர்’. இது ஏற்கெனவே அங்கங்கே புழங்குகிறது. ஆளை மாற்றுவதற்கு ‘இணைமாற்றம்’. ஆட்சிமாற்றம், இடமாற்றம், பெயர்மாற்றம் எல்லாம் நாவில் ஊறியவை என்பதால் இதைப் புதுச்சொல் என்றே யாரும் உணர மாட்டார்கள். ‘துணைமாற்றம்’ என்றும் யோசித்துப் பார்த்தேன். தலைப்பில் போட்டால் குடும்பநல நீதிமன்றச் செய்தி என்று நினைத்துவிடுவார்கள்.

‘கழற்றிவிடல்’ எனக்கும் பிடிக்கும். உள்ளதை உள்ளபடி சொல்கிற சொல். ஆனால் யார் கழற்றினார், கழற்றப்பட்டவர் எவ்வளவு பரிதாபம் என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வரலாற்றில் அந்தத் தீர்ப்புதான் கிடைப்பதில்லை. 1864இல் லிங்கனோடு இருந்த ஹானிபல் ஹாம்லின் போய், டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சன் வந்தார். லிங்கன் திரைக்குப் பின்னால் இருந்து செய்தாரா, வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்த பால்டிமோர் கட்சி மாநாடு தானாகச் செய்ததா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் லிங்கன் சுடப்பட, அதிபரானவர் ஜான்சன்.

இந்த வகையில் 1944 சிகாகோ மாநாட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரூஸ்வெல்ட் நான்காம் முறை நிற்கிறார்; உடல் நலிந்துவிட்டது, இந்த ஆட்சிக்காலத்தை முடிக்க மாட்டார் என்று கட்சிப் பெரியவர்களுக்குத் தெரியும். அப்படியானால் இணை வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் அடுத்த அதிபரைத் தேர்ந்தெடுப்பது. துணை அதிபர் ஹென்றி வாலஸை அவர்களுக்கு ஆகாது, ரொம்ப இடதுசாரி என்று நினைத்தார்கள். ரூஸ்வெல்டோ யாரிடமும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்லாத மனிதர். ‘நான் பேராளராக இருந்தால் வாலஸுக்குத்தான் வாக்களிப்பேன்’ என்ற பொருளில் மாநாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்சித் தலைவர் ஹானிகனிடம் இன்னொரு கடிதம்: ட்ரூமனோ டக்ளஸோ வந்தாலும் மகிழ்ச்சியே! ஜூலை 20 இரவு அரங்கம் முழுக்க ‘வாலஸ் வேண்டும்’ என்று ஒரே முழக்கம். அந்தச் சூட்டிலேயே அவர் பெயரை முன்மொழிந்துவிட செனட்டர் கிளாட் பெப்பர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையை நோக்கி வருகிறார். அவர் ஏறுவதற்குள் மாநாட்டுத் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார். மறுநாள் முதல் சுற்றில் வாலஸ்தான் முன்னிலை, 429½ வாக்கு, ட்ரூமனுக்கு 319½. இரண்டாம் சுற்றில் மாநிலம் மாநிலமாகத் தாவினார்கள், ட்ரூமன் 1,031. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார்.

இங்கே கழற்றியது யார்? ஒரு பெயரைச் சொல்ல முடியாது. யார் செய்தார் என்று சொல்லாமலே நடந்ததை மட்டும் சொல்கிற பெயர்ச்சொல் தேவை என்பது இதற்காகத்தான்.

நடக்காமல் போன இணைமாற்றங்கள்தான் அதிகம். 1956 தேர்தலுக்கு முன் ஐசன்ஹோவர் நிக்சனைக் கூப்பிட்டு, அமைச்சர் பதவி ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே, அனுபவம் கிடைக்குமே என்றார். நிக்சன் அந்த வலையில் விழவில்லை. ஹரால்ட் ஸ்டாசன் வெளிப்படையாகவே ‘டம்ப் நிக்சன்’ (நிக்சனைக் கழற்றிவிடு) என்று கிளம்பிப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் 1992இல் டான் குவேல், 2004இல் டிக் செனி, 2020இல் மைக் பென்ஸ் என்று ஒவ்வொருவர் தலையும் உருட்டப்பட்டது. பைடனுக்குப் பதில் ஹிலரி கிளின்டன் என்ற பேச்சு வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. 2012 தேர்தலுக்காக ஒபாமா தரப்பு அதைக் கருத்துக்கணிப்பில் சோதித்தே பார்த்தது; பெரிய ஆதாயம் இல்லை என்று தெரிந்ததும் மூடிவைத்தார்கள். 1956 முதல் இங்கே சொன்ன அத்தனையும் அதிபரின் முதல் ஆட்சிக்காலத்தில் எழுந்தவை என்பதைக் கவனியுங்கள். 1951க்குப் பிறகு ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. இரண்டாம் முறை ஆள்கிறவருக்கு மாற்றுவதற்கு இணையே கிடையாது.

இந்த ‘ஸ்பெகுலேஷ’னுக்கு ‘வதந்தி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. வதந்தி பொய்யாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. ஒபாமா தரப்பு காசு செலவழித்துக் கணிப்பு எடுத்ததை வதந்தி என்று எப்படிச் சொல்வது? ‘இணைமாற்ற ஊகம்’ என்றோ, இன்னும் இயல்பாக ‘இணைமாற்றப் பேச்சு’ என்றோ எழுதலாம். மாற்றாக யார் வரலாம் என்பதற்குப் பத்திரிகைக்காரர்களே நல்ல தொடர் வைத்திருக்கிறார்கள்: ‘பெயர் அடிபடுகிறது.’

———

மறுமொழி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று. எங்களுக்கு அதிபர் என்றால் பாடசாலை அதிபர்தான். ‘அதிபர் துணை அதிபரை மாற்ற யோசிக்கிறார்’ என்று வாசித்தால், காலைப் பிரார்த்தனைக் கூட்டமும் பிரம்பும்தான் கண்ணுக்குள் வரும். நாங்கள் ஜனாதிபதி, உப ஜனாதிபதி என்போம். ‘இணைமாற்றம்’ இரண்டு பக்கத்துச் சண்டையிலும் சிக்காமல் இருப்பதால் எனக்கு விருப்பமே.

ஆனால் ஐயா, ஓர் இடம் இடிக்கிறது. ராக்ஃபெல்லரை உதாரணம் காட்டினீர்கள். அவரும் ஜெரால்ட் ஃபோர்டும் சேர்ந்து எந்தத் தேர்தலிலும் நின்றதில்லையே? 1973இல் ஆக்னியூ விலகியபோது ஃபோர்டு துணை ஜனாதிபதியாக நியமிக்கப்பட்டவர். மறு ஆண்டு நிக்சன் விலகியதும் மேலே போனார், ராக்ஃபெல்லரை நியமித்தார். இருவரும் 25ஆவது திருத்தத்தின்படி காங்கிரஸ் ஒப்புதலோடு வந்தவர்கள். இல்லாத இணையை எப்படி மாற்றுவது?

இன்னொன்று, 1972இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மெக்கவர்ன் தன்னோடு நிறுத்திய தாமஸ் ஈகிள்டனை 18 நாளில் விட்டுவிட்டு சார்ஜன்ட் ஷ்ரைவரைச் சேர்த்தார். அதுவும் இணைமாற்றமா?

———

மறுமொழி:

பிரம்பைக் கேட்டுச் சிரித்தேன். ‘அதிபர்’ சண்டை இந்த இழையில் தீராது. இரண்டையும் போட்டுவிட்டு நகர்வோம்.

ஈகிள்டன் விஷயம் எளிது. அவர் பதவியில் இருந்தவர் இல்லை. அறிவித்த ஆளைக் கட்சி மாற்றுவதற்கு ‘வேட்பாளர் மாற்றம்’ என்று ஒவ்வொரு தேர்தலிலும் எழுதுகிறோம். அதே சொல் இங்கும் பொருந்தும்.

ராக்ஃபெல்லர் பற்றிய கேள்வி நல்ல கேள்வி. என் பதில்: இங்கே ‘இணை’ என்பது போன தேர்தலில் நின்ற இருவரைக் குறிக்கவில்லை, இப்போது ஆட்சியில் சேர்ந்து இருக்கும் இருவரைக் குறிக்கிறது. அடுத்த தேர்தலிலும் இவர்களே சேர்ந்து நிற்பார்கள் என்று ஊர் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு உடைகிறது. ராக்ஃபெல்லருக்கு நடந்ததும் அதுதான். ரீகனின் சவாலுக்கும் கட்சியின் வலதுசாரிகளுக்கும் பயந்து ஃபோர்டு தரப்பு நெருக்கியது. ராக்ஃபெல்லர் தாமே விலகுவதுபோல ஒரு கடிதம் கொடுத்தார். பாப் டோல் வந்தார், தேர்தலில் தோற்றார்கள். அது கோழைத்தனம் என்று பிற்காலத்தில் ஃபோர்டே சொன்னார். ‘தாமாக விலகினார்’ என்று எழுதினாலும் பொய், ‘நீக்கப்பட்டார்’ என்று எழுதினாலும் பொய். ‘இணைமாற்றம்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

நீங்கள் கேட்டதால் வரையறையைத் திருத்தி எழுதுகிறேன். முதலில் எழுதி வைத்த வரைவில் ‘மறுதேர்தல்’ என்று வைத்திருந்தேன். ஃபோர்டு அதிபராக ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்கப்படாதவர், அவருக்கு ஏது மறுதேர்தல்?

இணைமாற்றம் (பெ.): பதவியில் இருக்கும் அதிபர், பதவியில் இருக்கும் துணை அதிபரை விடுத்து, வேறொருவரை இணை வேட்பாளராகக் கொண்டு அடுத்த தேர்தலில் நிற்பது.

இதன்படி பார்த்தால் 2024 வெளியே போய்விடும். கமலா ஹாரிஸை மாற்றுவார்களா என்று முந்தைய ஆண்டு முழுவதும் பேச்சு ஓடியது. கடைசியில் ஜூலை 21 அன்று விலகியது பைடன். ஹாரிஸ் மேலே ஏற, ஆகஸ்டில் டிம் வால்ஸ் இணை வேட்பாளரானார். ஊகத்தை மட்டும் ‘இணைமாற்றப் பேச்சு’ என்று எழுதுங்கள், நடந்ததை அப்படி எழுத வேண்டாம். 2020இல் ஹாரிஸுடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துச் செய்திகளை எழுதியபோது நம் பத்திரிகைகள் ‘துணை அதிபர் வேட்பாளர்’ என்றே சமாளித்தன. அங்கே அது போதுமானதாகவும் இருந்தது.

பிலிப்பைன்ஸை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே இருவரும் சேர்ந்து பிரசாரம் செய்தாலும் வாக்குச்சீட்டில் தனித்தனி. 2016இல் டுடெர்டே அதிபர், எதிரணியின் ராப்ரெடோ துணை அதிபர். அங்கே இணை என்பது மேடைவரைக்கும்தான்.

மொழிபெயர்க்கும் நண்பருக்கு: உங்கள் அத்தியாயத் தலைப்பை ‘நடந்த இணைமாற்றங்களும் நடக்காதவையும்’ என்று வைத்துப் பாருங்கள். ஓரிரு இடத்தில், அதுவும் யாராவது கோபமாகப் பேசுகிற இடத்தில், ‘கழற்றிவிட்டார்’ என்று வரட்டும். ‘இணைமாற்றப் பேச்சு’ – ப் மிகும். ‘இணை மாற்றம்’ என்று பிரித்து எழுதுகிறவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். தலைச்சொல்லில் மட்டும் சேர்த்தே இருக்கட்டும்.