கம்போடிய ராமாயணம்: சவெரோஸ் பூ யாருங்க?

கேள்வி: கம்போடியாவோட ராமாயணம் பத்தி எதைத் தேடுனாலும் சவெரோஸ் பூன்னு ஒரு பேரு வந்து நிக்குது, யாருங்க இவங்க?

பதில்: 1929ல புனோம் பென்ல பொறந்தவங்க, பிரான்ஸ் போயி தென்கிழக்கு ஆசிய வரலாற்று அறிஞர் ஜார்ஜ் சேடேஸ்கிட்ட படிச்சு அங்கேயே ஆய்வாளரா இருந்துட்டாங்க. ரியாம்கேரோட, அதாவது கம்போடிய ராமாயணத்தோட, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இவங்க பண்ணுனது, 1977ல வந்துச்சு. 2020ல காலமாயிட்டாங்க.

இன்னொருத்தர்: ராமாயணத்தை விடுங்க, 1992ல வந்த பழைய கெமர் (கம்போடிய மொழி) அகராதிதான் இவங்களோட பெரிய வேலை, கல்வெட்டுச் சொல்லுக்கெல்லாம் பிரெஞ்சு இங்கிலீஷ் ரெண்டுலயும் அர்த்தம் இருக்கும். பழைய கட்டுரை வேணும்னா சவெரோஸ் லெவிட்ஸ்னு தேடுங்க, முன்னாடி அந்தப் பேர்லதான் எழுதுனாங்க.

கேட்டவர்: சூப்பர், ஆனா பிரெஞ்சு சுத்தமா வராதே!

பதில்: அப்போ ரியாம்கேருக்கு ஜூடித் ஜேக்கப்போட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு பாருங்க, லண்டன்ல கெமர் சொல்லிக்கொடுத்தவங்க.