இட்லிப்பூ செடி கொழுந்து மஞ்சளாகுது, பூவும் இல்ல – உதவி பண்ணுங்க

கெப்போங் அக்கா:
வணக்கம். போர்ச் ஓரமா குட்டை ரக இட்லிப்பூ வரிசையா வச்சிருக்கேன், சுங்கை பூலோ நர்சரில வாங்கினது, வந்தப்ப கொத்து கொத்தா செக்கச்செவேல்னு இருந்துச்சு, இப்ப கொழுந்து இலையெல்லாம் வெளிறிப்போய் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. அடி இலை நல்லாத்தான் இருக்கு. என்பிகே பச்சை உரம் போட்டுக்கிட்டே இருக்கேன், கேக்கல. வீட்டுக்காரர் வேற ஞாயித்துக்கிழமையானா கத்திரிய எடுத்து பெட்டி மாதிரி வெட்டிடுறாரு. சாமிக்குக்கூட பூ கடையிலதான் வாங்குறேன்லா. பூச்சி மருந்து அடிக்கணுமா?

செந்தூல் தம்பி:
மருந்தெல்லாம் வேணாம்கா. செடிக்கு இரும்புச்சத்து ஏறல. போர்ச் புதுசா கட்டினீங்களா?

கெப்போங் அக்கா:
ஆமா, போன தீபாவளிக்கு முன்னதான் சுவர் எழுப்பி டைல்ஸ் போட்டோம். ஏன் தம்பி?

செந்தூல் தம்பி:
அதான். இட்லிப்பூவுக்கு புளிப்பு மண்ணு வேணும், பிஎச் 5, 5.5 கிட்ட. சிமெண்ட்ல சுண்ணாம்பு இருக்கு, சாயங்கால மழை சுவர்ல வழிஞ்சு நேரா வேர்ல இறங்குது, போதாததுக்கு வேலைக்கு வந்தவங்க மிச்ச கலவைய அங்கயே போட்டு மூடிட்டுப் போயிருப்பாங்க (எல்லா வீட்லயும் இதே கதைதான்). மண்ணுல இரும்பு இருந்தும் செடியால இழுக்க முடியாது. ஒரு சாண் தோண்டுங்க, வெள்ளைக் கட்டி கிடைச்சா வினிகர் விடுங்க, நுரைச்சா சுண்ணாம்புதான்.

கெப்போங் அக்கா:
ஐயோ, சோடா மாதிரி பொங்குது தம்பி! உடைஞ்ச செங்கலும் நிறைய.

பட்டர்வொர்த் அங்கிள்:
கட்டியெல்லாம் பொறுக்கிட்டு நர்சரில விக்கிற கருப்பு மண்ணு, மக்கின இலை உரம் கலந்து போடும்மா. முடிஞ்சா செடிய சுவர விட்டு ரெண்டடி தள்ளி வை. என்பிகே பச்சை 15-15-15, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சம அளவு, அதுல உள்ள பாஸ்பரஸ் சேரச் சேர இரும்பு இன்னும் மாட்டிக்கும், இப்போதைக்கு நிறுத்து. இரும்பு செலேட்னு, செடி இழுக்கிற மாதிரி இரும்பைக் கட்டி வச்ச உரம் இருக்கு, அத வாங்குறப்ப இடிடிஏ (EDTA) வேணாம், சுண்ணாம்பு மண்ணுல நிக்காது, இடிடிஎச்ஏ (EDDHA)-ன்னு போட்டதா பாத்து வாங்கு. மஞ்சளான இலை முழுசா திரும்பாட்டி கவலப்படாத, புதுக் கொழுந்து பச்சையா வருதான்னு பாரு. பூ வராததுக்கு முக்கியமா அந்தக் கத்திரிதான் காரணம், மொட்டு கொப்பு நுனிலதான் கட்டும், வாராவாரம் நுனிய வெட்டினா எங்கேருந்து பூக்கும்? ஒரு தடவ பூத்து முடிஞ்சதும் வெட்டச் சொல்லு.

கெப்போங் அக்கா:
சரி அங்கிள், அவர்கிட்ட இதையே காட்டுறேன். செலேட்ட இலையில தெளிக்கவா?

பட்டர்வொர்த் அங்கிள்:
வேணாம்மா, தண்ணில கரைச்சு வேர்ல ஊத்து, வெயில் தாழ்ந்தப்புறம். ரத்தச் சிவப்பா இருக்கும், புது டைல்ஸ்ல சிந்திடாத, கறை போகாது.