பனி விலகியதும் செடிகள் வேரோடு மேலெழுந்து நிற்கின்றன: காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
வணக்கம். குளிர்காலத்தில் நிலமே உறைந்துபோகும் பகுதியில் தோட்டம் வைத்திருக்கிறேன். இலையுதிர்காலக் கடைசியில், வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிய பாத்தியில் ஹியூகெரா, ஷாஸ்டா டெய்சி என்ற பல்லாண்டு அலங்காரச் செடிகளை நட்டேன். இப்போது பல செடிகள் வேர்த்திரளோடு இரண்டு விரற்கடை மேலே தள்ளப்பட்டு, பக்க வேர்கள் காற்றில் காய்ந்துகொண்டிருக்கின்றன. எலி தோண்டிய தடயம் இல்லை. வடக்குப் பக்கத்தில் அதே சமயம் நட்டவை அசையவே இல்லை. என்ன காரணம்?

பதில்:
உறைபனியால் மண் உப்பியதே காரணம். நீர் உறைகையில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவது இதில் சிறு பங்குதான். உறையும் அடுக்கு கீழிருக்கும் ஈரத்தை ஓயாமல் மேலே இழுத்து, மண்ணுக்குள் பனிக்கட்டித் தகடுகளாகத் தடித்து வளர்வதே செடியைத் தூக்குகிறது. உருகும்போது வேருக்கு அடியில் மண் சரிந்து நிரம்பிவிடுவதால், செடி பழைய ஆழத்துக்கு இறங்குவதில்லை. தெற்குச் சுவரருகே பகல் வெயிலில் பனி உருக, திறந்து கிடக்கும் மண் இரவில் மறுபடி உறைகிறது. வடக்கிலோ பனிப்போர்வை கலையாமல் கிடந்து மண்ணை ஒரே நிலையில் வைத்திருக்கிறது.

தயவுசெய்து செடியை மிதித்து அமுக்காதீர்கள். அடிமண் உறைந்திருந்தால் வேர் முறிந்துவிடும். வெளியே தெரியும் வேர்களை ஈரமான மக்கு உரத்தால் இன்றே மூடுங்கள். மண் முழுவதும் இளகிய பின், முன்பிருந்த ஆழத்திலேயே திரும்ப நட்டு நீர் ஊற்றுங்கள். வேரும் தண்டும் சேரும் நடுப்பகுதி கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தொட்டுப் பார்த்தேன், ஒன்று மட்டும் கொழகொழவென்று இருக்கிறது, மற்றவை கெட்டியாகவே உள்ளன. அடுத்த குளிர்காலத்துக்கு, இலை உதிரத் தொடங்கியதுமே மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் இலை, வைக்கோல் போர்வை) போட்டுவிடலாமா?

மற்றொரு பதில்:
அவசரப்பட வேண்டாம். மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பதன்று, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைப்பது; ஆகவே மேல்மண் உறைந்து இறுகிய பிறகு 3 முதல் 4 அங்குலம் இடுங்கள். முன்கூட்டியே போட்டால் எலிகள் குடிபுகும். முழு இலைகள் நனைந்து பாயாகப் படிந்துவிடும் என்பதால், வைக்கோலோ நறுக்கிய இலையோ நல்லது. வசந்தத்தில் சிறிது சிறிதாக விலக்குங்கள்.

நடும் காலமும் முக்கியம்: நிலம் உறைவதற்கு ஆறு வாரமாவது முன்பே நட்டால்தான் வேர் மண்ணைப் பற்றும். என்னைக் கேட்டால், அந்தத் தெற்குப் பாத்தியை பாப்டீசியா போன்ற ஆழவேர்ச் செடிகளுக்கு விட்டுவிட்டு, ஹியூகெராவை வடக்குப் பக்கத்துக்கே மாற்றிவிடுவேன். பகுதி நிழல் அதற்கு ஒத்துக்கொள்ளும்.