அமெரிக்க விடுதலைப் போர், காதல் கதைக்கு வெறும் பின்னணித் திரைதானா?

ஆற்றங்கரை:
பதினாறு வயதான என் அக்காள் மகள், அமெரிக்க விடுதலைப் போரைக் களமாகக் கொண்ட இளையோர் காதல் புதினங்களை விரும்பி வாசிக்கிறாள். அவள் தந்த சிலவற்றை நானும் படித்தேன். விடுதலைப் படைக்காக ஒற்றுச் செய்தி சுமக்கும் பெண் ஒருத்தி, செஞ்சட்டை அணிந்த பிரிட்டிஷ் அதிகாரியிடம் மனத்தைப் பறிகொடுப்பதே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கதை. 1777-78 குளிர்காலத்தில் விடுதலைப் படை தங்கியிருந்த வேலி ஃபோர்ஜ் பாசறையில் ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்றது எதிரியின் துப்பாக்கி அன்று, நோய்தான் என்பதோ, அங்கே துணி வெளுத்தும் நோயாளிகளைப் பேணியும் உழைத்த பெண்களுக்குப் பாதி உணவுப் படியே அளக்கப்பட்டது என்பதோ அந்தப் பக்கங்களில் தலைகாட்டவே இல்லை. இவ்வளவு பெரிய துயரத்தைக் காதலுக்குப் பின்னால் தொங்கும் திரையாக்குவது, வாசிக்கும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
திரையைப் பற்றிய உங்கள் குறையை ஏற்கிறேன். ஆனால், போர் நடக்கும்போது காதலை நினைப்பதே பொய் என்பதுபோல் நீங்கள் எழுதுவதை ஏற்க இயலவில்லை. 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்தபோது, குவேக்கர் என்ற கிறித்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்த சாலி விஸ்டர் என்ற 16 வயதுப் பெண் நகருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் குடும்பத்துடன் தங்கியிருந்தாள். தோழி டெபோரா நோரிஸுக்குக் கடிதம் அனுப்ப வழியில்லாததால், அவளிடம் பேசுவதுபோலவே ஒரு நாட்குறிப்பு எழுதினாள். வீட்டில் வந்து தங்கிய விடுதலைப் படை அதிகாரிகளில் யார் அழகன், யார் கூச்சக்காரன், தான் அன்று எந்த உடை உடுத்தியிருந்தாள் என்றெல்லாம் ஆசையோடு விவரிக்கும் அதே கைதான், படைகள் நெருங்கும்போது கொண்ட நடுக்கத்தையும் எழுதியிருக்கிறது. மேரிலாந்தைச் சேர்ந்த மேஜர் ஸ்டோடர்ட் டிசம்பரில் நோயுற்றுத் திரும்பி வந்ததை அவள் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தவர்கள், அச்சமும் ஆசையும் ஒரே வீட்டில் குடியிருந்ததை மறுக்க மாட்டார்கள்.

ஆற்றங்கரை:
நீங்கள் காட்டிய சான்று என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது, நண்பரே. சாலி அந்த மேஜரை மணக்கவில்லை; 1804இல் மணமாகாமலேயே இறந்தாள். குவேக்கர்கள் போரையே மறுத்தவர்கள். தம் சமயத்துக்கு வெளியே மணந்தவரைச் சபையிலிருந்து நீக்கியவர்கள். 1773இல், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரை மணந்த பெட்ஸி ராஸ் என்ற குவேக்கர் பெண்ணுக்கு அதுவே நேர்ந்தது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் ஒரு படைவீரனை விரும்பினால் எதையெல்லாம் இழக்க நேரும் என்பதுதான் கதையாகியிருக்க வேண்டும். நான் படித்த புதினங்களின் நாயகியரோ, ஒரே இரவில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் குதிரையேறிவிடுகிறார்கள்.

வெண்மதி:
இருவருமே வெள்ளையர் வீட்டு முன்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். 1781 ஏப்ரலில், விடுதலைப் படையின் தலைவர் வாஷிங்டனுக்கு வர்ஜீனியாவில் இருந்த மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து 17 அடிமைகள், பொட்டோமாக் ஆற்றில் வந்து நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறித் தப்பினார்கள். அவர்களுள் டெபோரா என்பவளுக்கு ஏறத்தாழ 16 வயது. 1783இல் நியூயார்க்கிலிருந்து இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் பிரிட்டிஷாருடன் கப்பலேறிய ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களின் பதிவேட்டில் அவள் மறுபடி தென்படுகிறாள்: அதில் உள்ளபடி வயது 20, அம்மைத்தழும்பு உள்ளவள், முன்பு ஜெனரல் வாஷிங்டனின் அடிமை. உடன் செல்பவன் அவளுடைய கணவன். அடிமைகளின் திருமணத்தை வர்ஜீனியாவின் சட்டம் திருமணமாகவே மதிக்காத காலம் அது. செஞ்சட்டைக்காரன் என்றால் எதிரி என்று ஆற்றங்கரை அவர்கள் எளிதாக எழுதிவிட்டார். டெபோராவுக்கு அந்தச் செஞ்சட்டைதான் தப்பிக்கும் வழி. இந்த இணையின் காதல் கதையை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

ஏட்டுச்சுவடி:
கேட்க வேண்டும். பதிவேட்டின் ஓரிரு வரிகளுக்குள் நின்றுவிட்ட அந்த இருவரும் எங்கே சந்தித்தார்கள், எதை நம்பிக் கைகோத்தார்கள் என்பதை வரலாற்றாசிரியரால் எழுத இயலாது. புதின ஆசிரியரால் இயலும். காதல் புதினம் என்ற வடிவத்தையே நான் தாங்கிப் பேசுவது அதனால்தான். ஆற்றங்கரை அவர்கள் பழிக்க வேண்டியது சோம்பலான எழுத்தையே அன்றி, காதலை அன்று.

ஆற்றங்கரை:
செஞ்சட்டையைப் பற்றி வெண்மதி சொன்னது என்னைத் திருத்தியது. அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றில் நான் அசைய மாட்டேன். டெபோராவின் கதையை யாரேனும் எழுதினால், அவள் உடலிலிருந்த அம்மைத்தழும்பை அட்டைப்படத்தில் அழித்துவிடக் கூடாது. அப்படி ஒரு நூல் வந்தால், அக்காள் மகளுக்கு முதல் பிரதியை வாங்கித் தருபவள் நானாகவே இருப்பேன்.