கடற்காற்றில் கியர் மாற்றுவது: ரோடு பைக் ஷிஃப்டர் மாற்றியவர்கள் சொல்வது

ராமநாதபுரத்திலிருந்து

ரோடு பைக்கில், அதாவது வளைந்த ஹேண்டில்பார் கொண்ட கியர் சைக்கிளில், ஷிஃப்டரை (கியர் மாற்றும் லீவரை) மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா என்று பலரும் கேட்கிறீர்கள். தெரியும். அதுவும் நம்ம கடற்கரைச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். காரணம் காற்று.

என்னுடையது ஆரம்ப விலை ரோடு பைக். ஷிமானோ ஏ050 ஷிஃப்டரோடு வந்தது. ஹேண்டில்பார் வளைந்ததுதான், ஆனால் கியர் லீவர்கள் பிரேக் பக்கத்தில் இருக்காது, நடுவில் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் தண்டை) ஒட்டி இருக்கும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு கையைப் பிரேக்கிலிருந்து எடுத்து நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். கேணிக்கரை, பாரதி நகர் என்று ஊருக்குள் சுற்றுகிற வரைக்கும் இது பெரிய விஷயமாகத் தோன்றாது.

தனுஷ்கோடி சாலையில்தான் சிக்கல். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகும் சாலை தென்கிழக்காக ஓடுகிறது. ஆடியில் தென்மேற்குக் காற்று வலது விலாவில் அடிக்கும், மார்கழியில் வாடை இடது விலாவில் அடிக்கும். எந்தப் பருவத்தில் போனாலும் குறுக்குக் காற்றுதான். கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டினால் காற்றை மறிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு கை நடுவில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் குத்துக்காற்று வந்தால் முன் சக்கரம் அதன் போக்குக்குப் போகும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-ல் திறந்த பிறகு வேன்களும் பஸ்களும் அதே சாலையில் வருகின்றன, ஓரத்தில் மணல் படிந்து கிடக்கிறது. அங்கே பிரேக்கிலிருந்து கையை எடுக்கவே மனசு வராது. விளைவு, கியரே மாற்றாமல் ஒரே கியரில் முக்கி முக்கி மிதிப்போம். முழங்கால் வலி அப்படித்தான் வருகிறது.

"மேடே இல்லாத ஊரில் கியர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நம்ம ஊரில் காற்றுதான் மேடு. போகும்போது ஒரு கியர், வளைவில் திரும்பியதும் வேறு கியர், பனைமர வரிசைக்குப் பின்னால் போனதும் இன்னொரு கியர். மலைப்பாதையில் ஓட்டுகிறவரைவிட நாம்தான் அடிக்கடி மாற்றுகிறோம்.

நான் போட்டது ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000, 8 ஸ்பீடு, அதாவது பின்னால் 8 பல்சக்கரத்துக்கானது. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில். பிரேக் லீவரை உள்பக்கம் தள்ளினால் செயின் பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) ஏறும், அதன் பின்னால் இருக்கும் சின்ன லீவரைத் தட்டினால் சின்ன பல்லுக்கு இறங்கும். ஹூட்டில் (லீவரின் ரப்பர் மூடிய மேல்பகுதியில்) கை வைத்திருந்தாலும் சரி, குனிந்து ட்ராப்பைப் (ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப்) பிடித்திருந்தாலும் சரி, விரல் எட்டும். கியர் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியிலேயே போய்விடுகிறது.

செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பின் சக்கரத்தில் 7 ஸ்பீடு ஃப்ரீவீல் (பல்சக்கரத் தொகுதி) இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டே 8 ஸ்பீடு ஷிஃப்டரைப் போடலாம். இரண்டுக்கும் பல்லுக்குப் பல் இடைவெளியில் வித்தியாசம் மிகக் குறைவு, 5.0 மில்லிமீட்டருக்கு 4.8. ஒரு கிளிக் மிச்சமாக நிற்கும், அவ்வளவுதான். பின் டிரெய்லரையும் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவியையும்) மாற்றத் தேவையில்லை. ஷிமானோவின் பழைய 7, 8, 9 ஸ்பீடு ரோடு டிரெய்லர்கள் ஒரே அளவு கேபிள் இழுப்பில்தான் வேலை செய்கின்றன. முன்பக்கம் மட்டும் கவனம் வேண்டும். முன்னால் 3 பல்சக்கரம் இருந்தால் இடது ஷிஃப்டர் 3 பல்சக்கரத்துக்கானதாகக் கேட்டு வாங்குங்கள். பிரேக் வி-பிரேக் வகையாக (சக்கரத்தின் இருபுறமும் நீளக் கைகள் நிற்பது) இருந்தால் இந்த லீவர் ஒத்துவராது, அது இழுக்கும் கேபிள் நீளம் போதாது. சக்கரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் காலிபர் பிரேக் என்றால் கவலையில்லை.

மண்டபத்திலிருந்து

அண்ணே, நீங்கள் சொன்ன காற்று விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. பாம்பன் பாலத்தில் தினமும் போய்வருகிறவன் சொல்கிறேன். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் ஏற்றம், இணைப்புகளில் சக்கரம் தடதடக்கும், மேலே ஏற ஏறக் காற்று கூடும், வேடிக்கை பார்க்க நிறுத்திய கார்கள் வேறு. நம்ம மாவட்டக் கரையில் மேடு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான், அங்கேயே எல்லாம் சேர்ந்து வருகிறது.

என் பைக்கில் ஷிமானோ டூர்னி ஏ070 இருந்தது. பிரேக்கும் கியரும் சேர்ந்த லீவர்தான், அதனால் ஏ050-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் சின்ன பல்லுக்கு இறக்குகிற பொத்தான் ஹூட்டின் உள்பக்கம், கட்டைவிரலுக்கு என்று வைத்திருப்பார்கள். ட்ராப்பைப் பிடித்துக் குனிந்து ஓட்டும்போது கட்டைவிரல் அங்கே எட்டவே எட்டாது. எதிர்காற்றில் குனிந்துதானே ஓட்ட வேண்டியிருக்கிறது! காற்று கொஞ்சம் விட்டதும் கியரை இறக்க நிமிர்ந்தால், நிமிர்ந்த நெஞ்சில் அடுத்த காற்று வாங்கும். நானும் கிளாரிஸுக்கு மாறிவிட்டேன். இப்போது உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் குனிந்தபடியே போகிறேன்.

கீழக்கரையிலிருந்து

நான் பிசியோதெரபிஸ்ட். அந்த அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் "அக்கா, விரல் மரத்துப்போகுது" என்று என்னிடம் வருகிறார்கள்.

சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் அல்நார் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் மீடியன் நரம்பு, அது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருப்பதால் வரும். இரண்டுக்கும் ஷிஃப்டர் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதோடு நேரடித் தொடர்பு உண்டு. ஹேண்டில்பாரின் மேல்பகுதியிலிருந்து ஹூட் வரைக்கும் பள்ளமில்லாமல் ஒரே மட்டமாக இருந்தால் எடை உள்ளங்கை முழுக்கப் பரவும். ஹூட் கீழே சரிந்திருந்தால் கை முன்னால் வழுக்கிக்கொண்டே போகும், அதைத் தடுக்க நாம் இறுக்கிப் பிடிப்போம், நரம்பு நசுங்கும். மேல்நோக்கி ரொம்பத் தூக்கி வைத்தாலும் மணிக்கட்டு மடங்கும். இரண்டு ஹூட்டையும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி வைத்தால் மணிக்கட்டு நேராக நிற்கிறது. என் கைக்கு அது பெரிய நிம்மதி.

அப்புறம் கை அளவு. இதைக் கடைகளில் யாரும் கேட்பதேயில்லை. என் கை சின்னது. பழைய லீவரில் ட்ராப்பிலிருந்து பிரேக் பிடிக்க விரல் நுனிதான் படும். ஏர்வாடிச் சாலையில் ஆடு குறுக்கே வந்தால் விரல் நுனியால் என்ன பிடிக்க முடியும்? எதிர்காற்றிலும் நிமிர்ந்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷிமானோ 105 ஆர்7000-க்கு மாறியதும் லீவரை ஹேண்டில்பாருக்குப் பக்கமாகக் கொண்டுவரும் சின்னத் திருகு ஒன்று அதில் இருந்தது. சின்ன அலென் கீ போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரில் படிகிற இடத்தில் நிறுத்தினேன். திருகிய பிறகு பிரேக் கேபிளையும் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகப் பிடிக்கும் முன்பே லீவர் ஹேண்டில்பாரில் முட்டும்.

ஷிஃப்டர் வாங்கப் போகிற பெண்களுக்கு என் வேண்டுகோள் இது: எத்தனை ஸ்பீடு என்று கேட்பதற்கு முன்னால் லீவர் தூரத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். இன்னொன்று, ஷிஃப்டரை மாற்றிய பிறகும் மரத்துப்போவது ஓட்டாத நாளிலும் இருந்தாலோ, பிடி பலம் குறைந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து, சைக்கிள் கடைக்காரர்

எல்லோரும் காற்றைச் சொன்னீர்கள். நான் உப்பைச் சொல்கிறேன். என் கடைக்கு வருகிற ஷிஃப்டர் வேலையில் பெரும்பாதி உப்பால் வருவது.

தேவிபட்டினம், வாலிநோக்கம், மண்டபம் பக்கத்து வண்டிகளைக் கொண்டுவந்தால் முதலில் ஹூட் ரப்பரை உரித்துப் பார்ப்பேன். உள்ளே வியர்வை உப்பும் கடல் உப்பும் சேர்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும். லீவரை இறுக்குகிற வளையமும் போல்ட்டும் இரும்பு, ஹேண்டில்பார் அலுமினியம். நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியத்தை அரித்துவிடும், போல்ட் பிடித்துக்கொள்ளும். ஆகவே புதுசு மாட்டும்போதே போல்ட் மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இறுக்குவது 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் பலத்தைக் காட்டாதீர்கள்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. உள் கம்பி ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும். கியருக்கு 1.2 மில்லிமீட்டர், பிரேக்குக்கு 1.6. அவுட்டர், அதாவது கேபிளின் வெளி உறை, இரண்டுக்கும் வேறுவேறு. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் போகும், பிரேக் அவுட்டர் ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். பிரேக் அவுட்டரை வெட்டிக் கியருக்குப் போட்டால் அது அழுந்திக் கியர் கிளிக் தவறும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. அழுத்திப் பிடிக்கும்போது பிளந்துவிடும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

இன்னொன்று. ஷிஃப்டருக்குள் கியர் கேபிள் ரொம்பக் குறுகிய வளைவில் திரும்புகிறது. அந்த இடத்தில் இழை இழையாக அறுந்துகொண்டே வரும், வெளியே தெரியாது. சொன்ன பேச்சு கேட்டுக்கொண்டிருந்த பின் கியர் திடீரென்று தாமதமாக விழுகிறது, திருகித் திருகிச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் கேபிள் தலைப்பக்கத்தைப் பாருங்கள். அறுந்த துண்டு உள்ளே சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. கடற்கரையில் ஓட்டுகிறவர்கள் அறுகிற வரைக்கும் காத்திருக்காமல் வருஷத்துக்கு ஒரு தடவை உள் கம்பியை மாற்றிவிடுவது நல்லது.

வழியில் அறுந்துவிட்டால் டிரெய்லர் தானாகவே மிகச் சின்ன பல்லுக்கு ஓடிவிடும். எதிர்காற்றில் அந்தக் கியரில் வீடு வந்து சேர முடியாது. டிரெய்லரில் 'எச்' என்று குறித்த திருகை உள்ளே திருகினால் செயின் ஒன்றிரண்டு பல் மேலே ஏறி நிற்கும். அதை வைத்துக்கொண்டு வந்து சேரலாம்.

பழைய ஷிஃப்டர் கிளிக் பிடிக்கவில்லை, தட்டினால் வெறுமனே ஆடுகிறது என்று சொல்லிப் புதுசு கேட்டு வருகிறார்கள். பாதிப் பேருக்குப் புதுசு தேவையே இல்லை. உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து கெட்டியாகி, சின்ன பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிரே கிளீனரை உள்ளே அடித்து, லீவரைத் திரும்பத் திரும்பத் தட்டி, அழுக்கு வடிந்ததும் மெல்லிய எண்ணெய் விட்டால் பழையபடி கிளிக் சத்தம் கேட்கும். அதைச் செய்து பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

தனுஷ்கோடி போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடையுங்கள். கார் கழுவுகிற பிரஷர் பம்பு வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் ஏறும்.

தொண்டியிலிருந்து

தம்பிகளுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய பழைய ஸ்டீல் பைக்கை இன்றும் ஓட்டுகிறேன். அதில் ஷிஃப்டர் ஹேண்டில்பாரில் இல்லாமல் பிரேமின் கீழ்க்குழாயில் இருந்தது. ஷிமானோ பிரேக்கையும் கியரையும் ஒன்றாக்கிய எஸ்டிஐ லீவரைக் கொண்டுவந்தது 1990-ல், அதற்கு முன் ரேஸ் வீரர்களே குனிந்து குழாயில்தான் கியர் மாற்றினார்கள். அந்த அமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். கேபிள் குட்டையானது, உப்பு புக இடம் குறைவு, பழுதாக அதில் ஒன்றுமே இல்லை.

ஆனால் வயது ஆக ஆக, ஒவ்வொரு தடவையும் குனிந்து ஒரு கையில் வண்டியைப் பிடிப்பது தோளுக்கும் இடுப்புக்கும் ஆகவில்லை. வலது பக்கம் மட்டும் எஸ்டிஐ போட்டுக்கொண்டேன். இடது பக்கம் வெறும் பிரேக் லீவர், முன் கியருக்குக் குழாயில் பழைய ஷிஃப்டரே இருக்கிறது. நம்ம சமதரையில் முன் பல்லை மாற்றுகிற வேலை அபூர்வம், மாற்றுவதெல்லாம் பின்னால்தான். வலது பக்கக் குழாயில் பழைய ஷிஃப்டரைக் கழற்றிய இடத்தில் கேபிள் நிறுத்தி ஒன்றை மாட்ட வேண்டும், அதற்கென்றே செய்து விற்கிறார்கள். பாதிச் செலவில் முழுச் சுகம். உப்பூர் வரை காலையில் போய்வந்தால் தோளில் வலி இல்லை.

சாயல்குடியிலிருந்து

நான் காலேஜ் மாணவன். ஏ050 வண்டிதான். ஷிஃப்டருக்குச் செலவு செய்வதா, காசு சேர்த்துப் புது பைக்கே வாங்குவதா? 12 ஸ்பீடு வரைக்கும் போகலாம் என்கிறார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து

தம்பி, பிரேம் உன் உயரத்துக்குச் சரியாக இருந்தால் ஷிஃப்டரை மாற்று. பிரேமே பொருந்தாவிட்டால் எந்த ஷிஃப்டர் போட்டாலும் கை வலிக்கும், அப்போது புது பைக்குக்குக் காசு சேர்ப்பதுதான் சரி. 12 ஸ்பீடு வேண்டுமென்றால் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), செயின், டிரெய்லர், பின் சக்கரம் என்று எல்லாம் மாறும், அது உன் பைக்கின் விலையைத் தாண்டிவிடும். மூக்கையூர் சாலையில் உனக்கு வேண்டியது கை பிரேக்கை விடாமல் இருப்பது. அதற்கு 8 ஸ்பீடு தாராளம்.

வாங்கும் முன் ஒரு வேலை செய். தொண்டி ஐயா சொன்ன மாதிரி முன் பல்லை எத்தனை தடவை மாற்றுகிறாய் என்று ஒரு வாரம் கவனி. மாற்றுவதே இல்லை என்றால் வலது பக்கத்தை மட்டும் வாங்கு. கேபிளும் அவுட்டரும் புதுசாகவே போடு, டேப்பை அதன் பிறகு சுற்று. டேப் சுற்றுவதற்கு முன்னால் ஹூட்டை லேசாக இறுக்கி வைத்து, கீழக்கரை அக்கா சொன்ன கோணத்தில் ஒன்றிரண்டு நாள் ஓட்டிப் பார். கைக்குச் சரியாக வந்ததும் முழுசாக இறுக்கிவிட்டு டேப்பைச் சுற்று. ஓட்டிப் பார்க்கும் நாட்களில் ஹூட் கையில் திரும்பாத அளவுக்காவது போல்ட் இறுகியிருக்க வேண்டும், ஊருக்குள்ளேயே ஓட்டு, பாலத்துப் பக்கம் போகாதே.