மலை வீட்டைக் காலி செய்கிறோம்: எவற்றை உடன் எடுத்துச் செல்லலாம்?

கேத்திப் பள்ளத்தாக்கு:

அனைவருக்கும் வணக்கம். வரும் சித்திரையில் நீலகிரி எல்லநள்ளியில் உள்ள வீட்டைக் காலி செய்துவிட்டு, கோயம்புத்தூரில் மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செல்கிறோம். அங்கே படுக்கையறைகள் இரண்டுதான். "வேண்டியதெல்லாம் இங்கே இருக்கிறது, துணிமணியை மட்டும் கொண்டு வாருங்கள்" என்று அவன் சொல்லிவிட்டான். அவன் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஒவ்வோர் அலமாரியையும் திறந்து பார்த்து, எதை விடுவதென்று தெரியாமல் மறுபடியும் மூடிவிட்டு வந்து உட்காருகிறேன்.

என் கணவர் இவ்வூர் ஊசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1949இல் தொடங்கிய அந்த ஆலையின் 'போனி' ஊசிகளை அறியாத தையல்காரர் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் தையல் ஊசி, குரோஷே ஊசி, ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி எல்லாம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடப்பதற்கும் அதுவே காரணம். மாலையில் மஞ்சு ஏறி வந்து எதிர்மலையை மறைத்ததும் பின்னலைக் கையில் எடுப்பது என் பல்லாண்டுப் பழக்கம். பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. குல்லாய், மஃப்ளர், பேரனுக்கு அரைக்கை ஸ்வெட்டர், அவ்வளவுதான். ஆனால் விரல்கள் தம் போக்கில் பின்னிக்கொண்டிருக்க, மனம் எந்தக் கணக்கும் வழக்கும் இல்லாமல் இருக்கும் அந்த நேரத்தின் நிறைவு எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. கோவை வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

ஊசிகள் தவிர, திருமணத்துக்குப் பரிசாக வந்த, நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூத்தையல் சால்வை ஒன்று, இன்னொரு பழங்குடியினரான கோத்தரின் பெண்கள் வனைந்த மண்சட்டி, மாமியார் காலத்துக் கணப்புச் சட்டி, ஊட்டியில் தயாரான 'இந்து' பிலிமில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் உள்ள ஆல்பம் ஆகியவையும் இருக்கின்றன. சால்வை பீரோவின் அடித்தட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை.

மலையிலிருந்து சமவெளிக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் கேட்கிறேன். நீங்கள் எடுத்துச் சென்றவற்றில் எவை இன்றும் அன்றாடம் கைக்கு வருகின்றன? எவை பரணுக்குப் போயின?

நூல்கண்டு:

அம்மா, முதலில் ஊசி டின்னைக் கட்டி வையுங்கள். நானும் குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கியவள்தான். கம்பளியைத் தொட முடியாது என்று எண்ணி ஊசிகளை எல்லாம் தங்கையிடம் கொடுத்துவிடவிருந்தேன். பருத்தி நூலில் பின்னிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. சமையலறைத் துணி, தாம்பாளத்துக்கு விரிப்பு, பேத்தியின் கைப்பை என்று இப்போதும் ஏதாவது ஒன்று ஊசியில் ஏறியே இருக்கிறது.

ஆனால் பருத்திக்குக் கை பழகச் சிறிது காலமாகும். கம்பளியில் இருக்கும் இழுவை பருத்தி நூலில் கிடையாது. கண்ணிகள் விட்டுக்கொடுக்காததால், இறுக்கிப் பின்னும் கையாக இருந்தால் விரல் மூட்டுகள் விரைவில் வலிக்கத் தொடங்கும். நம் பக்கத்து ஊசிகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எட்டாம் நம்பர் 4 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். ஸ்வெட்டரின் விளிம்பைப் பத்திலும் உடம்பை எட்டிலும் பின்னிய கை, பருத்திக்கு எட்டிலேயே தொடங்கித் தளர்வாகப் பின்னுவது நல்லது. முதலில் சதுரத் துண்டுகளாகப் பின்னுங்கள்; பெரிய போர்வையில் இறங்கினால் பாதியிலேயே அதன் கனம் மணிக்கட்டை இழுக்கும்.

கம்பளியையும் அடியோடு விட வேண்டியதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் உடல்சூட்டை விரைவில் இழப்பார்கள், அதிலும் தலை வழியாக நிறையவே இழப்பார்கள். ஆகவே கோடையிலும் அவர்களுக்குக் குல்லாய் தேவைப்படுகிறது. அருகிலுள்ள மகப்பேறு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். மென்மையான நூலில், உள்பக்கம் முடிச்சு உறுத்தாமல் பின்னிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

எஞ்சிய கம்பளி உடைகளைத் துவைக்காமல் பெட்டியில் அடுக்காதீர்கள். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். நிழலில் முழுதும் காயவைத்து, வசம்புத் துண்டு போட்டு மூடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். கைக்குழந்தையின் உடைகளோடு மட்டும் அந்துருண்டையை வைக்கவே கூடாது. அதிலுள்ள நாஃப்தலீன் சில குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

கோத்தகிரி வாசகன்:

ஊசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சால்வை பீரோவின் அடித்தட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை என்று படித்ததும் மனம் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தத் துணியை ஒருமுறை சன்னலோரம் எடுத்துச் சென்று விரித்துப் பாருங்கள். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாக ஓடும் அந்தப் பட்டைகளுக்கு அடியில் பென்சில் கோடோ அச்சோ எதுவும் இருக்காது. தோடர் பெண்கள் துணியின் இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். ஓரிழை தப்பினால் அந்த வரிசை முழுவதும் கோணிவிடும். நூலைச் சற்றே தளர்வாக விட்டுத் தைப்பதால் ஒரு பக்கம் விரலுக்கு மேடு மேடாகத் தட்டுப்படும். கடையில் வாங்குபவர்கள் அதை உள்பக்கம் என்று எண்ணி மடித்துவிடுகிறார்கள். தைத்தவர்களோ அந்த மேட்டுப் பக்கத்தைத்தான் சிறப்பாகக் கருதுகிறார்கள். இந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு, இயந்திரத்தில் தைத்த போலிகளைப் பற்றி மக்கள் ஓரளவாவது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

தோடர்களுக்குப் பூத்துக்குளி என்னும் இந்தப் பூத்தையல் போர்வை காட்சிப் பொருள் ஆனதே இல்லை. ஆணும் பெண்ணும் விழாவுக்குப் போர்த்திக்கொள்கிறார்கள், இறந்தவர்களுக்கும் போர்த்துகிறார்கள். அத்தகைய துணியைத் திருமணப் பரிசாகப் பெற்று, ஒருநாள்கூடத் தோளில் போடாமல் மலையிறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோவையில் மார்கழிக் காலையில் கோயிலுக்குப் போகும்போது போர்த்துங்கள். சமவெளியில் அந்த அளவு குளிர் அதற்குப் போதும். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெளிச்சம் பட்டுச் சிவப்பு வெளுத்துவிடும்.

மண்சட்டியைப் பற்றி என் கருத்து வேறு. தோடர் நெய்யும், படகர் தானியமும், குறும்பர் தேனும், கோத்தர் சட்டியும் இரும்புக் கருவியுமாகக் கைமாறிய மலை இது. கோத்தரில் இரும்பு வேலை ஆண்களுடையது, மண்பாண்டம் பெண்களுடையது. இன்று வனைபவர்கள் மிகக் குறைந்துவிட்டதால், சட்டி உடைந்தால் அதே கையால் இன்னொன்று கிடைப்பது அரிது. ஆனாலும் சமைக்கத்தான் சொல்வேன். ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, முதல் சில தடவை வடிகஞ்சியைக் கொதிக்கவிட்டு, பிறகு சிறு தீயில் அவரைக்காய்க் குழம்பு வையுங்கள். கேஸ் அடுப்பின் பெருந்தீயில் திடீரென்று ஏற்றினால் மட்டும் விரிசல் விடும்.

பந்தலூர் மழை:

மேலே இருவரும் பயன்படும் பொருளுக்குத்தான் வீட்டில் இடம் என்ற முறையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் குடும்பம் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவு முடித்து, கடைசியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று இங்கே வந்து சேர்ந்தவர்களில் என் பெற்றோரும் அடக்கம். அவர்கள் கொண்டு வந்த தகரப்பெட்டி இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. மூடி சரியாகச் சேராது. அடித்தகடு துருவேறி, தொட்டால் பொடியாக உதிர்கிறது. பந்தலூர் மழையில் அதற்குள் அரிசியை வைத்தால் பூஞ்சை, துணியை வைத்தால் துருக்கறை. ஒன்றுக்கும் உதவாது என்று என் மனைவி சொல்வது முழு உண்மை.

ஆனால் அந்தப் பெட்டி இருப்பதால்தான் எங்கள் வீட்டில் சில பேச்சுகள் நடக்கின்றன. மூடியின் உள்பக்கம் அப்பா சிவப்புப் பெயின்டில் எழுதிய பெயரும் பழைய தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. என் மகள் சிறுமியாக இருந்தபோது அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துத்தான் தாத்தா எந்த ஊர் என்று கேட்கத் தொடங்கினாள். அதிலிருந்து தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களம், கொழுந்துக் கூடையின் கயிறு அம்மாவின் முன்தலையில் பதித்த தழும்பு, அட்டைக்கடிக்குச் சவுக்காரம் பூசிய கால்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிய படங்கு என்னும் முரட்டுத் துணியைக் கிழித்து வாசலில் கால்மிதியாகப் போட்டோம், பயன்படட்டும் என்று. பயன்பட்டது, இரண்டு மழைக்காலத்தில் மக்கிக் குப்பைக்குப் போயிற்று. அதன் பிறகு வீட்டில் படங்கைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ஆகவே அம்மா, பயனுள்ளவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரேயொரு பயனற்ற பொருளையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டில் ஒன்றுக்கு மேல் வைத்தால் மருமகளின் முகம் மாறும் என்பதையும் நான் அறிவேன்.

டார்க்ரூம்:

ஊட்டியில் ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில் ஆல்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருள்களை எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவகைச் சொந்தத்தோடு வாங்கினார்கள். ஆலை மூடப்பட்டுவிட்டது, படங்கள் நிற்கின்றன. நன்றாகக் கழுவப்பட்ட கருப்பு வெள்ளைப் படம் வண்ணப்படத்தைவிட நெடுங்காலம் மங்காது.

உங்கள் ஆல்பம் கருப்புத் தாளில் மூலைக்காகிதம் வைத்துச் செருகியதாக இருந்தால் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். பசை தடவிய அட்டையில் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளால் மூடும் வகையாக இருந்தால், குடிபெயரும் முன்பே படங்களைப் பிரித்துவிடுவது நல்லது. சமவெளி வெப்பத்தில் அந்தப் பசை இளகிப் படத்தின் முதுகில் ஏறும், மேல்தாளும் ஒட்டிக்கொள்ளும். வராத படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெல்லிய இழையைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே மெதுவாக ஓட்டி எடுங்கள். நெகட்டிவ்கள் இருந்தால் காகித உறையில் தனியே வையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சுருள் இருந்தால் அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் யார், எங்கே என்பதை மென்மையான பென்சிலால் எழுதிவிடுங்கள். பெயர் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

பூம்பாறை:

கணப்புச் சட்டியைக் கொண்டு போனாலும் அதில் கரி போட்டுப் பற்றவைக்காதீர்கள். எங்கள் கொடைக்கானல் பக்கத்திலும் உங்கள் ஊட்டிப் பக்கத்திலும், கதவு சன்னல்களை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகள் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் புகை எப்படியோ வெளியேறிவிடும்; அடுக்குமாடியில் அதற்கு வழியே கிடையாது. மண் நிரப்பித் துளசியோ கற்பூரவல்லியோ வைக்க அது நல்ல தொட்டியாகும்.

நான் பூம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்தபோது பொருளாக எதையும் கொண்டு வரவில்லை. ஆனால் மலைப்பூண்டைத் தண்டோடு கொத்தாகக் கட்டிச் சமையலறை உத்தரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. ஊரில் அடுப்புப் புகை பட்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். இங்கே புகை இல்லை, ஆதலால் விரைவில் முளைவிடுகிறது. இருந்தாலும் கையை உயர்த்தி ஒரு பூண்டைப் பிய்த்து எடுப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது; பிளாஸ்டிக் கூடைக்குள் கைவிட்டால் அது கிடைப்பதில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஊசி டின், சால்வை, சட்டி, ஆல்பம் நான்கும் வருகின்றன. படங்களின் பின்னால் எழுதும் வேலையை என் கணவர் நேற்றே தொடங்கிவிட்டார். பெயர்களைப் பற்றி எங்களுக்குள் சண்டையும் தொடங்கிவிட்டது. கணப்புச் சட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவிருந்தேன். பந்தலூர் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு, பயனற்ற அந்த ஒரு பொருள் அதுவாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். மருமகளிடம் துளசித் தொட்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

கோத்தகிரி நண்பருக்கு ஒரு கேள்வி. சால்வையை விரித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் பழுப்புக் கோடு ஓடியிருக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?

கோத்தகிரி வாசகன்:

போடவே கூடாது. ஊற வைக்கவும் வேண்டாம். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலின் ஓர் ஓரத்தை ஒற்றிப் பாருங்கள். சாயம் ஏறினால் தண்ணீரில் இறக்காமல் நல்ல உலர்சலவைக்காரரிடம் கொடுங்கள். ஏறாவிட்டால் குளிர்ந்த நீரில், மென்மையான திரவ சோப்பு சிறிதளவு கலந்து, முறுக்காமல் அலசி, வெள்ளைத் துண்டுக்குள் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். பழுப்புக் கோடு முழுதும் போகாது, மங்கும். இனி மடிக்கும்போது ஒவ்வொரு முறையும் மடிப்பிடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.